பட்டன் ஆன்ட்டியும் செவ்வாய்க்கிழமை லேபும்

எதையாவது மனதுக்குள் ஒளித்து வைத்துக்கொண்டு வருகிற பிள்ளை, பொத்தானைக் கையில் எடுத்ததும் முதலில் அதைத் திருப்பிப் பின்பக்கம் பார்க்கும். பின்பக்கத்தில் என்ன இருக்கப்போகிறது? ஒன்றும் இல்லை. இருந்தாலும் பார்க்கும். ஒளிக்க ஒன்றுமில்லாத பிள்ளை பொத்தானை அப்படியே கட்டத்தில் வைத்துவிட்டு, "அவ்வளவுதான் சார், லாக்கை எடுத்து விடுங்க" என்று எழுந்துவிடும்.

சமையலறைத் திரைக்குப் பின்னால் நின்று பதினோரு வருடமாகப் பட்டன் ஆன்ட்டி இதைக் கவனித்து வந்தாள். யாரிடமும் சொன்னதில்லை. கணவரிடம்கூட இல்லை. சொன்னால் அவர் உடனே ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு, "எத்தனை பேரு திருப்பினாங்க, எத்தனை பேரு திருப்பல?" என்று கேட்க ஆரம்பித்துவிடுவார். அவர் புள்ளியியல் பேராசிரியர்.

பாடம் நடத்துவது போக, மாணவர்களுக்குப் பாட ஆலோசகராகவும் இருப்பது அவர் வேலை. செமஸ்டர் தொடங்குவதற்கு முன்னால் ஒவ்வொரு மாணவரும் ஆலோசகரைப் பார்த்தாக வேண்டும். எந்தப் பாடம், எந்த நாள், எந்த மணி என்று இருவரும் உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும். அதன் பிறகு ஆலோசகர் கணினியில் பூட்டைத் திறந்து விடுவார். பிள்ளைகள் அதைத்தான் 'லாக்' என்பார்கள். லாக் எடுக்காமல் யாரும் ஒரு பாடத்திலும் பதிய முடியாது. பன்னிரண்டு கிரெடிட்டுக்குக் குறையக் கூடாது, இருபத்தொன்றுக்கு மேலே போகக் கூடாது. இருபத்துநான்கு எடுக்கிறேன், இருபத்தேழு எடுக்கிறேன் என்று வருகிற வீரர்கள் எல்லோரிடமும் அவர் ஒரே சொல்லைத்தான் சொல்வார். அதனால் பிள்ளைகள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் 'இருபத்தொண்ணு'. "இருபத்தொண்ணு இன்னைக்கு நல்ல மூடுல இருக்காரா ஆன்ட்டி?" என்று வாசற்படியில் செருப்பைக் கழற்றிக்கொண்டே அவளிடம் கேட்பார்கள். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போய்விடுவாள்.

துறையில் அவருக்குத் தனி அறை கிடையாது. ஒரு அறையில் மூன்று மேசை, மூன்று பேராசிரியர்கள். "சார், எனக்கு ரெண்டு பேப்பர் போயிடுச்சு" என்று ஒரு பிள்ளை மெல்லச் சொன்னால் மற்ற இரண்டு மேசைகளும் எழுதுவதை நிறுத்திவிடும். அதனால்தான் ஆலோசனையை வீட்டுக்குக் கொண்டுவந்தார். வீடு என்றால் பல்கலைக்கழக வளாகத்துக்குள்ளேயே இருக்கிற குடியிருப்பு. துறையிலிருந்து நடந்தால் ஆறு நிமிடம். சைக்கிள் நிறுத்துமிடத்தைப் பார்த்த ஜன்னல், அதன் கீழே ஆறு பேர் உட்காரும் சாப்பாட்டு மேசை, குளிர்சாதனப் பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே அவளுடைய தையல் இயந்திரம்.

அவள் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். அம்மாவின் தையல் கடையில் பொத்தான் துளைக்குக் காஜா எடுக்க ஆளில்லை, அம்மாவுக்கு மணிக்கட்டு வீங்கிப்போயிருந்தது, அவ்வளவுதான் காரணம். பெண் பார்க்க வந்த அன்றைக்கு மாப்பிள்ளையின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் சட்டையைத்தான் பார்த்தாள். இரண்டாவது பொத்தான் மட்டும் வேறு நிறம். 'சரி, இவருக்கு ஆள் தேவைதான்' என்று தோன்றியது. சம்மதம் என்று தலையாட்டினாள்.

படித்தவர்கள் கூடும் இடத்துக்குப் போக அவளுக்குக் கூச்சம். கல்யாணமான புதிதில் ஒரு பேராசிரியர் வீட்டுத் தேநீர் விருந்தில், "நீங்க என்ன படிச்சிருக்கீங்க?" என்று ஒரு அம்மாள் நல்ல மனதோடுதான் கேட்டாள். அன்றிலிருந்து எந்த வீட்டுக்குப் போனாலும் நேரே உள்ளே போய்த் தட்டைத் தூக்கிக்கொள்வாள். தட்டு ஏந்தி வருகிறவளிடம் யாரும் கேள்வி கேட்பதில்லை. வளாகத்துக்குள்ளேயே இருபத்திரண்டு வருடம் குடியிருந்தும், நிர்வாகக் கட்டடத்தின் படியை அவள் அதுவரை மிதித்தது கிடையாது.

பிள்ளைகள் பொத்தான் வைக்கிற அந்தக் கட்டத் துணி வந்த கதையையும் சொல்லிவிட வேண்டும். முன்பெல்லாம் பேராசிரியர் காகிதத்தில் பென்சிலால் கால அட்டவணை போடுவார். அழித்து அழித்து எழுதிக் காகிதம் கிழியும். ஒரே மணிக்கு மூன்று வகுப்பைப் போட்டுக்கொண்டு வந்த ஒரு பையனிடம் ஒருநாள், "உனக்கு எத்தனை உடம்புடா?" என்று அவர் கத்திய கத்தலில் சைக்கிள் நிறுத்துமிடமே திரும்பிப் பார்த்தது. மறுநாள் அவள் வெள்ளைத் துணி ஒன்றை மேசையில் விரித்தாள். நீல நூலால் கட்டம் போட்டிருந்தாள்: அகலத்தில் ஐந்து நாள், நீளத்தில் ஒன்பது மணி. கூடவே பிஸ்கட் டப்பா நிறையப் பொத்தான்கள். சிவப்பு கட்டாயப் பாடம். நீலம் விருப்பப் பாடம். லேப் என்றால் தொடர்ந்து மூன்று மணி நேரம் ஆகுமே, அதற்காகப் பெரிய கோட்டுப் பொத்தான் மூன்றை ஒரு கருப்புப் பட்டையில் வரிசையாகத் தைத்திருந்தாள்.

"ஒரு கட்டத்துல ஒரு பட்டன்தாங்க உக்காரும்" என்றாள்.

அவர் துணியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "ஆலோசகர்களுக்கு வழிகாட்டின்னு பதினாலு பக்கம் எழுதிக் கொடுத்தேன். ஒருத்தனும் படிக்கல. நீ ஒரு துணியில முடிச்சிட்டியே!"

மறு செமஸ்டரே அவளுக்குப் 'பட்டன் ஆன்ட்டி' என்று பெயர் விழுந்துவிட்டது. தன் அம்மா வைத்த பெயரைவிட இது அவளுக்குப் பிடித்திருந்தது. வெளியே சொல்லிக்கொள்ளவில்லை.

இவ்வளவும் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, 'ஓட்டக்காரி'யின் கடைசி செமஸ்டர் வரும் வரைக்கும்.

ஓட்டக்காரி என்பது ஒரு மாணவி. எங்கே போனாலும் ஓடித்தான் போவாள், ஓடித்தான் வருவாள். பையின் வார் ஒன்று எப்போதும் அறுந்து தொங்கும். அவள் அதைப் பட்டன் ஆன்ட்டியிடம் கொடுத்து நாலு தடவை தைத்து வாங்கியிருக்கிறாள். பட்டம் வாங்க அவளுக்கு இன்னும் ஐந்து பாடம்தான் பாக்கி. அதில் ஒன்று புள்ளியியல் லேப். வருடத்துக்கு ஒரு தடவைதான் வைப்பார்கள். இரண்டு பிரிவு: ஒன்று செவ்வாய் மதியம் இரண்டு மணிக்கு, இன்னொன்று புதன் மதியம் இரண்டு மணிக்கு.

அன்றைக்கு மூச்சு வாங்க வந்து உட்கார்ந்தாள். சிவப்பு மூன்றை வைத்தாள், நீலம் ஒன்றை வைத்தாள். கருப்புப் பட்டையை எடுத்ததும் திருப்பிப் பார்த்தாள். திரைக்குப் பின்னால் இவள், 'ஓஹோ' என்று நினைத்துக்கொண்டாள்.

"செவ்வாய்க்கிழமை உனக்கு ஏற்கெனவே ரெண்டு வகுப்பு இருக்கே. புதன் மதியம் காலியாத்தானே கெடக்கு?" என்றார் பேராசிரியர்.

"செவ்வாயே இருக்கட்டும் சார்."

"சரி, உன் இஷ்டம்."

பட்டை செவ்வாயில் உட்கார்ந்தது. அந்த நேரம் பார்த்து டீன் அலுவலகத்திலிருந்து தொலைபேசி. பேராசிரியர் உள்ளறைக்குப் போனார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்த ஓட்டக்காரி, "ஆன்ட்டி, எனக்கு வகுப்புக்கு நேரமாச்சு. சார் கிட்ட இதையே போட்டுடச் சொல்லுங்க!" என்று திரையைப் பார்த்துச் சொல்லிவிட்டு ஓடியே போய்விட்டாள்.

தொலைபேசிப் பேச்சு நீண்டது. மணி ஒன்றரை. சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது. மேசையில் தண்ணீர்க் குவளையை வைக்கப்போனவள் கொஞ்சம் சிந்திவிட்டாள். துணி நனையக் கூடாதே என்று பொத்தான்களை எல்லாம் சட்டென்று எடுத்து, மேசையைத் துடைத்து, துணியை மறுபடி விரித்து, ஒவ்வொன்றாக மீண்டும் வைத்தாள். அவளுக்கு ஞாபகசக்தி நன்றாக உண்டு. ஒருவரை ஒருமுறை அளவெடுத்தால் மூன்று வருடம் கழித்தும் தோள் அளவு சொல்வாள். அந்தத் தைரியம்தான். வைத்து முடித்துத் தள்ளி நின்று பார்த்தாள். அழகாக, ஒழுங்காக இருந்தது. சாப்பாட்டுத் தட்டுகளை மேசையின் மறுமுனையில் வைத்தாள்.

பேராசிரியர் வந்து, துணியில் இருந்ததைப் பார்த்துக் கணினியில் ஏற்றி, லாக்கை எடுத்துவிட்டு, சாப்பிட உட்கார்ந்தார். ஓட்டக்காரி எங்கேயோ ஓடிக்கொண்டே கைப்பேசியில் 'உறுதி செய்' என்பதை அழுத்தினாள்.

முதல் வாரம் லேப் கிடையாது. இரண்டாம் வாரம் வியாழக்கிழமை ஓட்டக்காரி வீட்டுக்கு வந்தாள். அன்றைக்கு நடந்துதான் வந்தாள்.

"சார், செவ்வாய்க்கிழமை லேபுக்குப் போனேன். லிஸ்ட்ல என் பேரே இல்லன்னுட்டாங்க."

பேராசிரியர் கணினியைத் திறந்தார். "உன் பேரு புதன்ல இருக்கும்மா. நேத்து நீ அங்க போயிருக்கணும்."

"நான் செவ்வாய்ல வெச்ச மாதிரிதான் ஞாபகம் சார்..."

"துணியில புதன்லதான் இருந்துச்சு. நான் பாத்துத்தான் போட்டேன்."

அந்தப் பெண்ணுக்கு ஆசிரியரிடம் எதிர்த்துப் பேச வரவில்லை. "அப்ப நான்தான் தப்பா வெச்சிருப்பேன் சார்" என்றாள்.

"பரவாயில்ல, புதன்லயே போயிடேன். செவ்வாய்ப் பிரிவுல இருபத்துநாலு இடமும் நிரம்பிடுச்சு. மாத்துறதுக்குக் கடைசி நாள் நாளைக்குச் சாயங்காலம் நாலு மணி."

"புதன்கிழமை மதியம் என்னால வர முடியாது சார்."

"ஏன்?"

ஓட்டக்காரி பையின் அறுந்த வாரை முடிச்சுப் போட ஆரம்பித்தாள். பேராசிரியர் கணினியை மூடினார். "அப்படின்னா இந்தப் பாடம் அடுத்த வருஷம்தான். பட்டமும் அடுத்த வருஷம்தான்."

அவள் தலையை ஆட்டிவிட்டுப் படியிறங்கிப் போனாள்.

திரைக்குப் பின்னால் பட்டன் ஆன்ட்டி கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். கருப்புப் பட்டை செவ்வாயில் உட்கார்ந்ததை அவள் கண்ணாலே பார்த்தவள். அப்படியென்றால் அதைப் புதனுக்குக் கொண்டுபோனது யார்? கையைப் பார்த்தாள். காஜா எடுத்து, பொத்தான் வைத்து, முப்பது வருடம் பழகிய கை. சட்டையின் முன்பக்கத்தில் பொத்தானுக்குப் பொத்தான் இடைவெளி சமமாக இருக்க வேண்டும் என்று அம்மா தலையில் குட்டிக் குட்டிப் பழக்கிய கை. செவ்வாயில் நெரிசல், புதன் காலி. கை தன் பாட்டுக்குப் பட்டையை ஒரு கட்டம் தள்ளி, எல்லாவற்றையும் சமமாக்கி வைத்துவிட்டது. 'அழகா இருக்கு' என்று தள்ளி நின்று வேறு பார்த்திருக்கிறாள்!

"என்னங்க" என்றாள்.

"ம்."

"அந்தப் பொண்ணு சரியாத்தான் வெச்சா. நான்தான் மாத்தி வெச்சுட்டேன்."

நடந்ததைச் சொன்னாள். பேராசிரியர் கேட்டு முடித்தார். எழுந்துபோய் ஜன்னல் ஓரத் தொட்டிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றினார். திரும்பி வந்து உட்கார்ந்தார். மறுபடி எழுந்துபோய் அதே செடிக்கு ஊற்றினார்.

"செடி செத்துடுங்க" என்றாள்.

"வழிகாட்டியில ஆறாம் பக்கம்" என்றார் அவர். "'முடிவான திட்டத்தை மாணவர் கண்ணெதிரிலேயே எழுதி, இருவரும் கையெழுத்திட வேண்டும்.' எழுதினது யாரு தெரியுமா? நான். பதினோரு வருஷமா நானே அதைச் செய்யல. துணி இருக்கேன்னு விட்டுட்டேன்."

"அப்ப தப்பு நம்ம ரெண்டு பேருது."

"முழுக்க என்னுதுன்னுதான் எழுதணும். 'ஆலோசகர் பிழை'ன்னு ஒரு படிவம் இருக்கு. அதைக் கொடுத்தா, இடம் இல்லாட்டியும் அவளைச் சேர்த்துக்கலாம். என் கோப்புல ஒரு கருப்புப் புள்ளி விழும். விழட்டும். அவளுக்கு ஒரு வருஷம் போறதுக்கு இது எவ்வளவோ தேவல."

வெள்ளிக்கிழமை காலையில் படிவத்தோடு நிர்வாகக் கட்டடத்துக்குப் போனார். மதியம் ஒரு மணிக்குத் திரும்பி வந்தார், படிவத்தோடேயே.

பதிவுப் பிரிவின் கண்காணிப்பாளருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் 'சீல்'. ரப்பர் முத்திரையைக் கையில் பிடித்தபடியே பேசுவார், ஆனால் குத்தமாட்டார். கடைசி நாளில் எல்லா மாணவருக்கும் ஏதோ ஒரு ஆலோசகர் பரிந்துகொண்டு வருவது அவருக்குப் பழகிப்போன சங்கதி.

"சார், காலையில இருந்து இது ஒன்பதாவது ஆலோசகர் பிழை" என்று சொல்லியிருக்கிறார். "ஒருத்தர் கண்ணாடி உடைஞ்சதுங்கறார், ஒருத்தர் பூனை கீபோர்டு மேல நடந்துச்சுங்கறார். நீங்க, வீட்டம்மா சாப்பாடு போடும்போது பட்டனை மாத்தி வெச்சாங்கங்கறீங்க. உங்க மேல எனக்கு மரியாதை இருக்கு சார். ஆனா இதை நான் எப்படி மேல அனுப்புறது? வெச்சவங்களைக் கூட்டிட்டு வாங்க. அந்தப் பட்டனையும் கூட்டிட்டு வாங்க."

பேராசிரியர் இதைச் சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார். "உனக்குப் பிடிக்காதுன்னு தெரியும். வேற வழி இருக்கான்னு டீனைப் பாத்துட்டு..."

"டீன் ஊர்ல இருக்காரா?"

"இல்ல."

அவள் துணியை மடித்தாள். பிஸ்கட் டப்பாவை எடுத்தாள். புடவை மாற்றிக்கொள்ளப் போனவள், வேண்டாம் என்று அப்படியே செருப்பை மாட்டினாள். நின்று யோசித்தால் கால் நகராது என்று அவளுக்குத் தெரியும்.

நிர்வாகக் கட்டடத்தின் நீளமான கூடத்தில் ஐம்பது அறுபது பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். "டேய், பட்டன் ஆன்ட்டிடா!" என்று ஒரு குரல். "ஆன்ட்டி, நீங்களும் பாடம் மாத்த வந்தீங்களா?" என்று இன்னொரு குரல். "அவங்களுக்கு லாக் போட்டிருக்கும், இருபத்தொண்ணுதான் எடுக்கணும்!" கூடமே சிரித்தது. அவளுக்குக் காதெல்லாம் சூடாகியது. டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். தட்டு இல்லாத குறைக்கு அது உதவியது. வரிசையின் ஓரத்தில் ஓட்டக்காரி சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். பேராசிரியர் வரச் சொல்லியிருந்தார்.

சீல் மேசையைச் சுத்தமாக்கி இடம் கொடுத்தார். "உக்காருங்கம்மா. பயப்படாதீங்க. என்ன நடந்துச்சுன்னு சொல்லுங்க."

அவள் டப்பாவை மேசையில் வைத்துத் துணியை விரித்தாள். பிறகு, "சொல்ல வரலைங்க. வெச்சுக் காட்டட்டுமா?" என்றாள்.

"அதுவும் சரிதான்." சீலுக்கு ஒரு யோசனை தோன்றியது. "நானே ஒரு திட்டம் வெக்கிறேன். நீங்க பாருங்க. அப்புறம் எடுத்துட்டு மறுபடி வெச்சுக் காட்டுங்க."

சீல் முத்திரையைக் கீழே வைத்துவிட்டு, சிறு பிள்ளை சொப்பு வைத்து விளையாடுவதுபோல ஆர்வமாகப் பொத்தான்களை அங்கும் இங்கும் வைத்தார். கருப்புப் பட்டையை வியாழனில் வைத்தார். கைப்பேசியை எடுத்துப் படம் பிடித்துக்கொண்டார்.

அவளுக்குச் சிக்கல் புரிந்தது அப்போதுதான். கவனமாகப் பார்த்துச் சரியாக வைத்துவிட்டால், 'இவ்வளவு சரியா வெக்கிறீங்க, அன்னைக்கு மட்டும் எப்படித் தப்பும்?' என்று கேட்பார். அந்தப் பெண்ணின் வருடம் போகும். வேண்டுமென்றே மாற்றி வைத்தால் அது பொய். இத்தனை வயதுக்கு மேல் ஒரு கூடம் நிறையப் பிள்ளைகள் பார்க்கப் பொய் சொல்வதா? என்ன செய்வது? அன்றைக்குச் செய்த மாதிரியே செய்வது என்று முடிவு செய்தாள். அன்றைக்கு எதை நினைத்தாள்? சாப்பாடு ஆறுகிறதே என்று நினைத்தாள். சரி, இன்றைக்கும் அதையே நினைப்போம். காலையில் ஆக்கியது மேசையில் அப்படியே கிடக்கிறது, இந்த மனிதர் இன்னும் சாப்பிடவில்லை...

பொத்தான்களை வாரி எடுத்தாள். துணியை உதறி விரித்தாள். ஒவ்வொன்றாக வைத்தாள். கடைசிப் பொத்தானை வைத்துவிட்டுக் கையை மடியில் போட்டுக்கொண்டாள். சத்தியமாகச் சரியாகத்தான் வைத்திருக்கிறோம் என்று தோன்றியது. அந்தப் பெண்ணின் வருடம் போச்சு என்று நினைத்தாள்.

சீல் கைப்பேசியையும் துணியையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி மறுபடி பார்த்தார்.

"ரெண்டு தள்ளி உக்காந்திருக்கு" என்றார். "நான் வியாழன்ல நெருக்கி வெச்சேன். நீங்க ஒண்ணை வெள்ளிக்குத் தள்ளிட்டீங்க. திங்கள்ல இருந்தது ஒரு மணி கீழ இறங்கிடுச்சு. என்னம்மா இது, ரூல்தடி வெச்ச மாதிரி அளவா இருக்கு!"

"சட்டைக்கு வெக்கிற பழக்கங்க" என்றாள் அவள். "எடைவெளி சமமா இல்லன்னா கை ஒத்துக்காது."

சீல் சிரித்தார். முதலில் மூக்கால் சிரித்தார். பிறகு தோள் குலுங்கியது. பதிவுப் பிரிவில் அந்தச் சிரிப்பை அதற்கு முன்னால் கேட்டவர்கள் கிடையாது; பக்கத்து மேசை எழுத்தர் பயந்து எழுந்து நின்றுவிட்டார். வரிசையில் நின்ற பிள்ளைகள் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்துக் கை தட்டினார்கள்.

"ஆன்ட்டி, அன்னைக்கே ஒரு போட்டோ எடுத்திருந்தா முடிஞ்சிருக்குமே!" என்று ஒரு பையன் கத்தினான்.

"அதைச் சாரைக் கேளு" என்றாள் அவள். அத்தனை பேருக்கு நடுவில் தன் குரல் அவ்வளவு சத்தமாக வந்ததில் அவளே திடுக்கிட்டாள். பேராசிரியர் கூரையைப் பார்த்துக்கொண்டார்.

சீல் முத்திரையை எடுத்தார். மையில் அழுத்தினார். படிவத்தில் குத்தினார். "செவ்வாய்ப் பிரிவு, இருபத்தைந்தாவது இடம்" என்று பக்கத்தில் எழுதினார். "காரணம்னு ஒரு கட்டம் இருக்கே சார், அதுல என்ன எழுத?"

"நடந்ததையே எழுதுங்க" என்றார் பேராசிரியர்.

சீல் எழுதினார்: 'ஆலோசகரின் துணைவியார் தையல் தெரிந்தவர்.' எழுதிவிட்டுக் கொஞ்சம் யோசித்து, 'நேரில் சோதித்து உறுதி செய்யப்பட்டது' என்று சேர்த்தார். மணி மூன்று இருபது.

வெளியே வந்ததும் ஓட்டக்காரி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். ஏதோ சொல்ல வந்தவளுக்கு அழுகைதான் முந்திக்கொண்டு வந்தது. பேராசிரியர் இப்படிப்பட்ட நேரங்களில் என்ன செய்வதென்று தெரியாதவர். "நான் போய்... அறிவிப்புப் பலகையைப் பாத்துட்டு வரேன்" என்று நகர்ந்துவிட்டார். அந்தப் பலகையில் ஒன்றுமே ஒட்டியிருக்கவில்லை.

"புதன்கிழமை மதியம் என்ன கண்ணு வேலை?" என்று கேட்டாள் பட்டன் ஆன்ட்டி.

"அப்பாவுக்கு ஒரு பக்கம் கை கால் வரல ஆன்ட்டி. புதன் மதியம்தான் ஆஸ்பத்திரியில உடற்பயிற்சி குடுப்பாங்க. அம்மா வேலைக்குப் போயிருவாங்க. நான்தான் கூட்டிட்டுப் போகணும். இப்பதான் நாலு எட்டு வெக்கிறார். நடுவுல விட்டா மறுபடி முதல்ல இருந்து."

"இதைச் சார் கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"சார் பாடத்தைப் பத்தித்தான் கேப்பாரு. வீட்டைப் பத்தி நாமளா எப்படி ஆன்ட்டி சொல்றது?"

அன்று சாயங்காலம் ஆறிப்போன மதியச் சாப்பாட்டைச் சூடாக்கிப் போட்டுக்கொண்டே அவள் கணவரிடம் இதைச் சொன்னாள். கூடவே, பதினோரு வருடமாகச் சொல்லாமல் வைத்திருந்த, பொத்தானைத் திருப்பிப் பார்க்கிற பிள்ளைகளைப் பற்றியும் சொன்னாள். அவள் எதிர்பார்த்தபடியே அவர் நோட்டுப் புத்தகத்தைத் தேடினார். ஆனால் எடுத்து வந்தவர் எண்ணிக்கை கேட்கவில்லை.

"இத்தனை நாளா ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கல."

"அந்தப் பொண்ணு மாதிரி நீயுமா?" என்றார். பிறகு இருவரும் சிரித்துவிட்டார்கள்.

இது நடந்து மூன்று வருடம் ஆகிறது. ஓட்டக்காரி அந்த வருடமே பட்டம் வாங்கிவிட்டாள். ஒரு ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் பதிவேடுகளைப் பார்க்கும் பிரிவில் வேலை செய்கிறாள்; அவள் அப்பா கைத்தடியோடு நடக்கிறார். ஆலோசகர்களுக்கான வழிகாட்டி இப்போது பதினைந்து பக்கம். 'வாரத்தில் எந்த நேரம் உங்களால் வர இயலாது என்பதை முதலில் கேட்க வேண்டும். காரணம் சொல்லுமாறு வற்புறுத்தக் கூடாது' என்பது கூடுதலாகச் சேர்ந்த வரி. பேராசிரியரின் கோப்பில் கருப்புப் புள்ளி இருக்கிறது; டீன் சீல் எழுதிய காரணத்தைப் படித்துவிட்டு மூன்று பேருக்கு வாசித்துக் காட்டினாராம். மற்ற துறை ஆலோசகர்கள் கேட்டதற்காக அவள் இதுவரை ஏழு துணி தைத்துக் கொடுத்திருக்கிறாள். அவற்றில் பொத்தானுக்குப் பதிலாக வெல்க்ரோ என்கிற ஒட்டுப் பட்டை வைத்துத் தைத்திருக்கிறாள், யார் கை பட்டாலும் நகராது. பதிவு வாரத்தில் அந்த முதல் கேள்வியை மேசையின் ஓரத்தில் உட்கார்ந்து அவள்தான் கேட்கிறாள். மூன்று பேருக்கு மேல் இருந்தால் இன்னமும் பேச்சு வருவதில்லை. அதனால் பிள்ளைகள் ஒவ்வொருவராகத்தான் உள்ளே வருகிறார்கள். நிர்வாகக் கட்டடத்துக்கு அதன் பிறகு அவள் போகவில்லை.